கனவுக்குள் நுழையும் கருவி பற்றிய நாவல்: என் கதை எந்த இடத்தில் உடைகிறது?

நாஞ்சில்வாசி (நாகர்கோவில்) கேட்டது:

நான்கு ஆண்டுகளாக ஓர் அறிவியல் புனைகதை நாவலை எழுதி வருகிறேன். பகலில் வங்கி வேலை என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் எழுத்து நடக்கிறது. பதினான்கு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. ஆனால் ஒன்பதாவது அத்தியாயத்துக்குப் பிறகு எதுவும் காலூன்றி நிற்கவில்லை என்பது எனக்கே தெரிகிறது. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

ஆண்டு 2041. வடசேரியில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையில் 'கனாவலை' என்ற கருவி இருக்கிறது. நோயாளி ஒரு தலைப்பட்டையையும் மருத்துவர் மற்றொரு தலைப்பட்டையையும் அணிந்து படுத்தால், நோயாளியின் கனவை மருத்துவர் உள்ளே நின்று பார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றவும் செய்யலாம். முதல் நோயாளி வள்ளவிளையைச் சேர்ந்த ஐம்பது வயதுப் பெண். 2017-இல் ஒக்கிப் புயலில் கணவன் கடலில் காணாமல் போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது, உடல் கிடைக்கவில்லை. அன்று முதல் அவளுக்கு ஒரே கனவு. நனைந்த உடம்போடு வாசலில் நிற்கும் கணவன் தலை துவட்டத் துண்டு கேட்கிறான், அவள் உள்ளே ஓடுகிறாள், டிரங்குப் பெட்டி திறக்க மறுக்கிறது, அவள் அலறிக்கொண்டு விழிக்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் மருத்துவர் அந்தக் கனவுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்துவிடுகிறார். கணவன் துண்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அதன்பின் அந்தக் கனவு வருவதே இல்லை. அவள் நிம்மதியாக உறங்குகிறாள்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் கருவி திருடு போகிறது. திருடியவன் குலசேகரம் பகுதியில் ரப்பர் தோட்டங்களை மலிவாக வாங்க முயலும் ஒரு தரகன். நள்ளிரவில் சிறு விவசாயிகளின் கனவுகளுக்குள் நுழைந்து, தோட்டம் தீப்பற்றி எரிவதாகவும் மரங்கள் பட்டுப்போவதாகவும் காட்டி, நிலத்தை விற்கும் மனநிலையை உண்டாக்குகிறான். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் போலீசார் அதே கருவியை அவன் தலையிலேயே மாட்டி உண்மையை வெளிக்கொண்டு வருகிறார்கள்.

எழுதியதைப் படித்த இரண்டு நண்பர்களில் ஒருவர் கருவி நம்பும்படியாக இல்லை என்றார். மற்றவர், முதல் எட்டு அத்தியாயங்களும் பின்பாதியும் இரண்டு வெவ்வேறு நாவல்கள் போலிருக்கின்றன, வில்லன் ஒட்டவில்லை என்றார். போதாக்குறைக்கு, ஜப்பானிய எழுத்தாளர் யசுதாகா சுட்சுயி 1993-இல் நூலாக வெளியிட்ட 'பாப்ரிகா' நாவலிலும் கனவுக்குள் புகும் பெண் மனநல மருத்துவரும் திருடு போகும் கருவியும் உண்டு என்பதை மிகவும் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். அந்தத் திருட்டையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அதை எடுத்தால், கனவுகளின் மீதான படையெடுப்பு என்று சொல்ல என்ன மிஞ்சும்?

---

இரவுப்பணி (மார்த்தாண்டம்) எழுதியது:

நான் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் உறக்க ஆய்வகத்தில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன், ஆகவே கருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல். உங்கள் பதிவில் 'உறங்குகிறாள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். நாவலிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் தூக்கம் என்றால், குழந்தைகளை ஏந்தி உயரத்தில் தொங்கியபடி சுற்றிவரும் கொல்லங்கோட்டுத் தூக்கத் திருவிழாதான் முதலில் நினைவுக்கு வரும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒருவரைப் படுக்க வைப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். தலைமுடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்து, பசையிட்டு ஒவ்வொரு மின்முனையாக ஒட்டுவோம். கண்ணோரத்தில் இரண்டு, தாடையில் சில, காலில் சில. பிறகு நான் அடுத்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். உறங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து, தாடையின் கோடு தட்டையாகிப் படுத்துவிட, கண்களின் இரண்டு கோடுகளும் எதிரெதிராகத் துள்ளத் தொடங்கும். 1953-இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டு சொன்ன ரெம் (விரைந்த விழியசைவு) உறக்கம் இதுதான். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் ஒரு கனவைச் சொல்வார்கள். ஆனால் என்ன கனவு என்று அந்தக் கோடுகளில் ஒரு வரியும் இருக்காது. பக்கத்து வீட்டில் சண்டை நடக்கிறது என்று சுவர் வழியாகத் தெரிவதற்கும் என்ன சண்டை என்று தெரிவதற்கும் உள்ள தூரம் இதிலும் உண்டு. உங்கள் தலைப்பட்டையை உங்கள் நண்பர் நம்பாததன் காரணம் இதுவே.

கனவின் உள்ளடக்கத்தைப் படிக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2013-இல் கியோட்டோவில் கமிதானியின் குழு, மூன்று பேரை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுக்கவைத்து, உறக்கம் பிடிக்கும் தறுவாயில் அவர்களை மீண்டும் மீண்டும் எழுப்பி, ஒவ்வொருவரிடமிருந்தும் ஏறத்தாழ இருநூறு கனவுக் குறிப்புகளைத் திரட்டியது. அவற்றைக் கொண்டு, கனவில் மனிதர் வந்தாரா, கட்டடம் வந்ததா, எழுத்து வந்ததா என்ற அளவில் தற்செயலை விடக் கூடுதலாகக் கணிக்க முடிந்தது, அவ்வளவுதான். எந்திரமோ பல டன் எடையுள்ளது, ஓடும்போது ஜல்லி அரைப்பது போல் சத்தம் போடக்கூடியது. ஆகவே 2041-இல் கூட, துண்டு கேட்கும் கணவனை மருத்துவர் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு நெருடுகிறது.

ஆனால் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே ஒன்றைப் போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் நாவலுக்கு 2041 வரை காத்திருக்கவே வேண்டாம். உறங்குபவரின் காதும் மூக்கும் முழுவதும் அடைபடுவதில்லை. 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வகங்கள் சேர்ந்து, கனவு காண்கிறோம் என்ற உணர்வோடு கனவு காணக்கூடியவர்கள் உட்பட 36 பேரிடம் கனவின் நடுவே எளிய கணக்குகளைக் கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்பது போன்றவை. அவர்கள் விழிக்காமலேயே கண்களை இடமும் வலமும் அசைத்து விடை சொன்னார்கள். நடந்த 158 முயற்சிகளில் சரியான விடை வந்தது 18.4 விழுக்காடுதான் என்றாலும், கேள்வி உள்ளே போயிருக்கிறது. சிலருக்கு அந்தக் குரல் கனவில் ஓடிய வானொலியிலிருந்து கேட்டதாம்.

மூக்கு இன்னும் எளிய வாசல். 2014-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், புகைபிடிப்பவர்கள் உறங்கும்போது சிகரெட் மணத்தோடு அழுகிய மீன் அல்லது அழுகிய முட்டை நாற்றத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவில்லை; ஆனால் அடுத்த சில நாட்கள் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை குறைந்தது. மற்றொரு போக்கு, உறக்கம் பிடிக்கும் நேரத்தில் ஒரு சொல்லைக் காதில் போட்டு அது குறித்துக் கனவு காணவைப்பது; 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கையில் அணியும் சிறு கருவியைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். மறு ஆண்டே ஓர் அமெரிக்க பீர் நிறுவனம் மக்களின் கனவில் தன் விளம்பரத்தை வரவழைக்க வெளிப்படையாகவே முயன்றது, நாற்பது ஆய்வாளர்கள் அளவில் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். தரகன் கருவியைத் திருட வேண்டிய தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜன்னலோரம் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் எரிந்த ரப்பர் நாற்றமும் அவனுக்குப் போதும்.

---

சிரட்டை (குலசேகரம்) எழுதியது:

மேலே எழுதிய அண்ணன் ஆய்வகத்தைப் பற்றிச் சொன்னார், நான் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு, அப்பாதான் பால் வெட்டுவார். உங்கள் தரகன் நள்ளிரவில் நுழைகிறான் என்பதைப் படித்தபோது, இந்த எழுத்தாளர் நாகர்கோவில்காரர்தான் என்பது உறுதியாயிற்று.

வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே சீசனில் அப்பா இரண்டரை மணிக்கு எழுந்துவிடுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு மரத்தின் பழைய வெட்டில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்து இடுப்புக் கூடையில் போட்டு, கத்தியை ஒரே இழுப்பில் பட்டையின் சரிவோடு கொண்டுபோய், சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வார். பத்து மணிக்குப் படுத்து இரண்டரைக்கு எழுபவருக்கு, அண்ணன் சொன்ன ஒன்றரை மணிக் கணக்கின்படி மூன்று உறக்கச் சுற்றுதான் கிடைக்கும். கனவு நீளமாக ஓடுவது விடியற்காலைச் சுற்றுகளில் என்று நானும் படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் மரத்தடியில் நிற்பார்கள், தரகன் வெறும் பாயைத்தான் பார்ப்பான்.

ஆனால் அவனுக்கு வேறொரு நேரம் உண்டு. பாலெடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டதும் பகல் பதினொன்றரை மணிக்கு அப்பா திண்ணையில் சாய்வார். இரவில் கிடைக்காமல் போன கனவெல்லாம் அப்போது சேர்ந்து வரும் போலிருக்கிறது, சில நாள் அவர் கண்ணிமைக்குள் விழி உருளுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை வாசலில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தபோது அவர் பாதி விழித்து, கை காலை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதாக மூச்சு முட்டிக் கிடந்தார். அமுக்குவான் பேய் என்று பாட்டி விபூதி பூசினாள். தாடைக்கோடு தட்டையாவது என்று அண்ணன் எழுதிய அந்தத் தசைத் தளர்ச்சி, கண் திறந்த பிறகும் விலகாமல் நின்றால் இப்படி ஆகும். உங்கள் தரகனின் வேலை பிசகும் காட்சியாக இதை வைத்துக்கொள்ளலாம்: பட்டப்பகல், திண்ணை, அசைய முடியாமல் கிடக்கும் பெரியவர் அவனைத் திறந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

---

கச்சான்காற்று (தூத்தூர்) எழுதியது:

தம்பி, ஒக்கியைக் கதைக்குள் கொண்டுவந்திருப்பதால் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். அந்த மனிதன் துண்டு கேட்க மாட்டான், துவர்த்துதான் கேட்பான். அந்தச் சொல்லை மாற்றினால் அவனுடைய குரலே மாறிவிடும்.

2017 நவம்பர் 29 இரவும் 30 காலையும் எங்கள் கரையில் யாருக்கும் மறக்காது. எங்கள் ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள், ஒருமுறை புறப்பட்டால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இங்கே ஒரு மனைவியின் வாழ்க்கையில் பாதிக்கு மேல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். உங்கள் கதையில் அந்தப் பெண் இருபத்துநான்கு வருடங்களாகக் காணும் கனவை நீங்கள் நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். அலறிக்கொண்டு எழுவது நோயாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் உடல் கிடைக்காத வீட்டுப் பெண்ணுக்கு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்ற ஒரு குழிகூடக் கிடையாது. அந்த மனிதன் வந்து நிற்கும் ஒரே இடம் அந்தக் கனவின் வாசல்தான். மருத்துவர் பெட்டியைத் திறந்தார், அவன் துவர்த்தை வாங்கிக்கொண்டு போனான், மறுபடி வரவில்லை என்கிறீர்கள். இரண்டாவது முறையும் அவனை அவள் கடலுக்கு அனுப்பிவிட்டாள் என்றல்லவா அவளுக்குத் தோன்றும்? நிம்மதியாக உறங்கினாள் என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

படையெடுப்பு ஒன்பதாவது அத்தியாயத்தில் வருவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் ஒரு வில்லனைத் தேடுகிறீர்கள். அது மூன்றாவது அத்தியாயத்திலேயே, நல்ல மனதுள்ள ஒருவரின் கையால், நடந்து முடிந்துவிட்டது. நம் சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் என்று தேவந்தி வழி சொல்கிறாள். அது நமக்குப் பெருமையன்று என்று கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கேட்கப்பட்டதால் மறுக்க முடிந்தது. உங்கள் வள்ளவிளைப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா?

தரகனை எடுக்க வேண்டாம். அந்தப் பெண் அவனைத் தேடிப் போகட்டும். தன் கனவைத் திருப்பித் தரக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்றால் அவள் போவாள். பெட்டி திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்வாள். அப்போது உங்கள் நண்பர் சொன்ன இரண்டு நாவல்களும் ஒன்றாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

கருப்பு அங்கி (தக்கலை) எழுதியது:

பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று அளித்த தீர்ப்பு, உண்மை கண்டறியும் ஊசி, பொய் அறியும் கருவி, மூளை மின்னலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரின் விருப்பமின்றி நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமையை அரசியலமைப்பின் 20(3) பிரிவு தருகிறது. மூளையிலிருந்து வலிந்து எடுக்கப்படும் தகவலும் அந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்பது அதன் சாரம். ஆகவே உங்கள் போலீசார் தரகனின் தலையில் பட்டையை மாட்டிப் பெறும் உண்மை பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் முதல் நாளே விழுந்துவிடும். அவனுடைய வழக்கறிஞர் அதைக் கொண்டாடுவார், நானும் கொண்டாடுவேன்.

இதைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது முந்தைய பதிவில் சகோதரி எழுப்பிய கேள்வி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையின் தன்மையையும் அதன் விளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அலறல் நிற்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கணவன் வரமாட்டான் என்று சொல்லியிருப்பார்களா? உங்கள் நீதிமன்றக் காட்சியில் கூண்டில் தரகனுக்குப் பதிலாக மருத்துவரை நிறுத்திப் பாருங்கள். மருத்துவர் கெட்டவர் அல்லர் என்பதுதான் அந்த வழக்கை நடத்துவதற்குக் கடினமாக்கும்.

---

நாஞ்சில்வாசி (நாகர்கோவில்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக எதுவும் எழுதாமல், மூன்றாவது அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

கச்சான்காற்று அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. 'நிம்மதியாக உறங்கினாள்' என்ற வரியை அடித்துவிட்டேன். பட்டை வழியாகக் கனவைப் பார்ப்பதையும் கைவிடுகிறேன். அதற்குப் பதிலாக மருத்துவர் அந்தப் பெண்ணிடம் பகலில் கனவை முழுவதுமாகச் சொல்லச் சொல்கிறார். இரவில் ரெம் உறக்கம் தொடங்கியதும், பழைய டிரங்குப் பெட்டியின் கொண்டி விலகும் சத்தத்தையும் உள்ளிருக்கும் ரசகற்பூர உருண்டையின் மணத்தையும் மெதுவாக அனுப்புகிறார். உள்ளே என்ன நடந்தது என்பது மருத்துவருக்குத் தெரியாது. காலையில் அவள் சொல்வதுதான் தெரியும். அவள் எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பது வாசகருக்கு மட்டும் ஏழாவது அத்தியாயத்தில் தெரியவரும். சிரட்டை, உங்கள் திண்ணைக் காட்சியை உங்கள் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. தரகனிடம் அவள் போகும் காட்சியில், அந்தப் பழைய கனவை வரவழைக்க அவன் எந்தச் சத்தத்தை அனுப்ப வேண்டும்? பெட்டியின் சத்தம் இப்போது திறந்த பெட்டியின் சத்தமாகிவிட்டது, அதைப் பயன்படுத்த முடியாது. கடல் இரைச்சல் என்று எழுதினேன், பொருந்தவில்லை.

---

கச்சான்காற்று (தூத்தூர்) எழுதியது:

கடல் இரைச்சல் எங்களுக்குக் கேட்பதே இல்லை தம்பி, அது எப்போதும் இருக்கிறது. நனைந்த உடம்போடு ஒருவர் சிமெண்டுத் திண்ணையில் வந்து நின்றால், கைலியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டும். முதலில் வேகமாக, பிறகு ஒன்று விட்டு ஒன்றாக. அதை அனுப்பச் சொல்லுங்கள்.